கம்மி வாடகைக்கு ‘ஓன் போர்டு’ கார்... டூர் கிளம்பும் முன் நம்பர் பிளேட்டைப் பாருங்க!

ஸ்கூல் லீவு விட்டாச்சு. “ஃபேமிலியோட கொடைக்கானல் போகணும், செல்ஃப் டிரைவ் கார் கம்மி ரேட்ல எங்க கிடைக்கும்?” தி.நகர், மயிலாப்பூர், அடையாறு அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்களில் லீவு நேரத்தில் எட்டிப்பார்க்கும் கேள்வி இது. உடனே யாராவது ஒரு போன் நம்பரைப் போடுவார்கள். “தெரிஞ்ச பையன்தான். வீட்டுக்கே வந்து வண்டியை விட்டுடுவான். ஆப்பை விட கம்மி.”

சொன்ன மாதிரியே வண்டி வருகிறது. ஏசி ஓடுகிறது, டயர் நன்றாக இருக்கிறது, சீட் சுத்தமாக இருக்கிறது. எல்லாவற்றையும் பார்க்கும் நாம் ஒன்றை மட்டும் கவனிப்பதில்லை. அது நம்பர் பிளேட்டின் நிறம்.

மூன்று நிறம், மூன்று அர்த்தம்

வெள்ளை பிளேட்டில் கறுப்பு எழுத்து இருந்தால் அது சொந்தப் பயன்பாட்டு கார், அதாவது ‘ஓன் போர்டு’. மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து என்றால் டிரைவருடன் வரும் வாடகை வண்டி, ‘டி போர்டு’. கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து என்றால், நாமே ஓட்டிச் செல்வதற்காக அனுமதி பெற்ற செல்ஃப் டிரைவ் கார்.

ஆக, பெட்ரோல், டீசல் காரை வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டப் போகிறீர்கள் என்றால், பிளேட் கறுப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால், அந்தக் காரைப் பணம் வாங்கிக்கொண்டு விடுவதற்கு பெர்மிட் இல்லை என்று அர்த்தம். ‘டிஎன் 07’, ‘டிஎன் 09’ என்று நம்ம ஏரியா நம்பராக இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம்.

ஏன் கம்மி ரேட்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 75-வது பிரிவின் கீழ், மத்திய அரசு 1989-ல் ‘ரென்ட் எ கேப்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. இதன்படி லைசென்ஸ் வாங்க, பெர்மிட் உள்ள 50 கார்களாவது இருக்க வேண்டும். அதில் பாதியாவது ஏசி கார்களாக இருக்க வேண்டும். லைசென்ஸ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும்.

வீட்டு வாசலில் மூன்று நான்கு கார் வைத்து வாடகைக்கு விடுபவருக்கு இந்த லைசென்ஸ் தனியாகக் கிடைக்காது. அவர் பெர்மிட் எடுப்பதில்லை, வாடகை வண்டிக்கான வரி கட்டுவதில்லை, அதற்கான இன்சூரன்ஸும் போடுவதில்லை. நமக்குக் கிடைக்கும் ‘கம்மி ரேட்’ அங்கிருந்துதான் வருகிறது. அவர் செலவு செய்யாத இடத்தில் உள்ள ரிஸ்க், சத்தமில்லாமல் நம் தலைக்கு மாறிவிடுகிறது.

மாட்டினால் என்ன ஆகும்?

பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓடும் வண்டிக்கு சட்டத்தின் 192ஏ பிரிவு பொருந்தும். முதல் முறை ரூ.10,000 அபராதம், 6 மாதம் வரை சிறை. இது வண்டியைக் கொடுத்தவருக்கு மட்டுமல்ல, ஓட்டுபவருக்கும்தான். 207-வது பிரிவின்படி வண்டியைப் பறிமுதல் செய்யவும் முடியும். பாதி வழியில் குழந்தைகளோடும் பெட்டிகளோடும் ரோட்டில் நிற்க வேண்டி வரலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் இன்சூரன்ஸ். சொந்தப் பயன்பாட்டு காரின் பாலிசி, வாடகைக்கு விடுவதை ஏற்பதில்லை. பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓடியது என்பதைக் காட்டி, பொறுப்பிலிருந்து விலக இன்சூரன்ஸ் நிறுவனம் வாதாட 150-வது பிரிவு இடம் தருகிறது. அடிபட்ட மூன்றாம் நபருக்கு முதலில் நிறுவனமே இழப்பீடு தரட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று கோர்ட் சொல்வதுண்டு. ஆனால் நொறுங்கிய காருக்கான கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால், உரிமையாளர் அடுத்து உங்களைத்தான் தேடி வருவார். அட்வான்ஸ், ஒரிஜினல் ஐடி, சில இடங்களில் உங்கள் பைக்கும் அவரிடம்தானே இருக்கிறது!

ஆலப்புழா சொல்லும் பாடம்

2024 டிசம்பர் 2 இரவு, கேரளாவின் ஆலப்புழா அருகே களர்கோட்டில், மருத்துவ மாணவர்கள் 11 பேர் சென்ற கார் அரசு பஸ் மீது மோதியது. 5 பேர் அன்றே உயிரிழந்தனர், பின்னர் இன்னொருவரும் இறந்தார். மழை, இருட்டு, காருக்குள் அளவுக்கு மீறிய ஆட்கள் என்று பல விஷயங்கள் பேசப்பட்டன. கூடவே, அது தனியார் கார், பணத்துக்குக் கொடுக்கப்பட்டது என்ற விஷயமும் வெளியே வந்தது. அம்மாநில மோட்டார் வாகனத் துறை உரிமையாளர் மீது நடவடிக்கையில் இறங்கியது.

அந்த விபத்துக்கு நம்பர் பிளேட் காரணமில்லை. ஆனால் விபத்துக்குப் பிறகு, பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் இழப்பீட்டுக் கேள்வி வரும்போது, பிளேட்டின் நிறம் பெரிய விஷயமாகிவிடுகிறது.

சொந்தக்காரர் காரை வாங்கிப் போகலாமா?

போகலாம். மாமாவோ நண்பரோ வாடகை வாங்காமல் காரைக் கொடுத்தால், அது வாடகைப் பயன்பாடு ஆகாது. உங்களிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ், வண்டிக்கு நடப்பு இன்சூரன்ஸ் இருந்தால் போதும்.

கறுப்பு போர்டு வண்டி ஓட்ட தனி லைசென்ஸ் வேண்டுமா?

தேவையில்லை. 7,500 கிலோவுக்குள் உள்ள போக்குவரத்து வாகனங்களை சாதாரண இலகுரக வாகன லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ல் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது.

புக் செய்யும் முன் பார்க்க வேண்டியவை

* வண்டி நம்பரை முன்கூட்டியே கேளுங்கள். ‘எம்-பரிவாஹன்’ ஆப்பில் போட்டால் வண்டி வகை, இன்சூரன்ஸ், எஃப்சி தேதி தெரியும். ‘மோட்டார் கேப்’ என்றிருந்தால் வாடகை வண்டி, ‘மோட்டார் கார்’ என்றிருந்தால் ஓன் போர்டு.

* ஆப்பில் புக் செய்தாலும் இதே செக்கிங் வேண்டும். தனிநபர்கள் தங்கள் காரைப் பதிவு செய்து வாடகைக்கு விடும் ஆப்களும் உண்டு.

* ஊட்டி, கொடைக்கானலுக்கு ஐகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்தது. அதற்கு வண்டி நம்பர் தேவை. “கிளம்பும் அன்னிக்குத்தான் நம்பர் சொல்வோம்” என்பவரிடம் புக் செய்தால் இங்கேயே சிக்கல்.

* எடுக்கும்போதும் திருப்பித் தரும்போதும் காரைச் சுற்றி வீடியோ எடுங்கள். கீறல், கிலோமீட்டர், பெட்ரோல் அளவு மூன்றும் அதில் பதிவாகட்டும்.

* டேமேஜ் ஆனால் உங்கள் பங்கு அதிகபட்சம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு

மயிலாப்பூரிலிருந்து கொடைக்கானல் போய், ஊர் சுற்றி, திரும்ப சுமார் 1,100 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் காருக்கு, பெட்ரோல் ரூ.100 என்று வைத்தாலே ரூ.7,300 ஆகும். டோல், கிலோமீட்டர் லிமிட்டைத் தாண்டினால் எக்ஸ்ட்ரா எல்லாம் தனி. இந்தச் செலவு எந்த போர்டாக இருந்தாலும் ஒன்றுதான். ஓன் போர்டு காரில் நாளுக்கு ரூ.500 கம்மி என்று வைத்துக்கொண்டால், மூன்று நாளில் மிச்சமாவது ரூ.1,500. மாட்டினால் முதல் அபராதமே ரூ.10,000.

கறுப்பு போர்டு கட்டுப்படியாகவில்லையா? எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி கொடைக்கானல் ரோட்டில் இறங்கி, அங்கிருந்து டி போர்டு டாக்ஸி பிடிக்கலாம். இல்லையென்றால், நாலு பேர் சேர்ந்து டிரைவர் பேட்டாவோடு சென்னையிலிருந்தே டி போர்டு எடுக்கலாம். மலைப்பாதையில் வண்டி ஓட்டும் டென்ஷனும் மிச்சம்.