வளையல் செய்த வைத்தியம்

இரண்டு வருஷங்களுக்கு முன் என் தமக்கையின் மகளுக்கு வளைகாப்பு நடந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு விரல் கணுக்களில் வீக்கம் உண்டு. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கையை மடக்க முடியாது. "வாயு" என்று சொல்லிப் பூண்டும் சுக்கும் கொடுத்து வந்தோம். ஆனால் கர்ப்பந் தரித்த நாலாம் மாதத்திலிருந்து வலி போன இடம் தெரியவில்லை. வளைகாப்பன்று கண்ணாடி வளையல்கள் ஒன்றுகூட உடையாமல் வழுக்கிக்கொண்டு ஏறின. "பார்த்தாயா? எல்லாம் வயிற்றுப் பிள்ளையின் அதிர்ஷ்டம்!" என்றார் எங்கள் பெரியம்மா. சர்வகலாசாலைப் பட்டம் பெற்றவனல்லவா நான்? சிரித்தேன். பெரியம்மா சொன்னதில் பாதி உண்மை என்பதும், குறை என் படிப்பில்தான் என்பதும் பிற்பாடுதான் விளங்கின.

பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம் அந்த வலி வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்க அவள் மற்றொருவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அழுகிற குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து தானும் அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்ணைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த வியாதிக்கு முடக்கு வாதம் என்று பெயர். வயதானவர்களுக்கு முழங்கால் தேய்ந்து வருகிற வலி வேறு, இது வேறு. நம்முடைய சரீரத்தில் கிருமிகளை எதிர்ப்பதற்கென்று ஒரு காவற்படை இருக்கிறது. அந்தப் படை புத்தி பேதலித்து, மூட்டுகளின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வையே பகைவன் என்று எண்ணித் தாக்குவதுதான் முடக்கு வாதம். வேலியே பயிரை மேய்கிற கதை. கவனியாமல் விட்டால் எலும்பு அரித்துப்போய் விரல்கள் கோணிவிடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது.

பெண்களுக்கு ஏன் அதிகம்? கர்ப்ப காலத்தில் ஏன் தணிகிறது? இந்தக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டு இருபது வருஷம் அலைந்தவர் பிலிப் ஹெஞ்ச் என்னும் அமெரிக்க டாக்டர். மின்னஸோட்டா மாகாணத்தில், ராச்செஸ்டர் என்ற ஊரிலுள்ள மேயோ வைத்திய நிலையத்தில் அவர் வேலை பார்த்தார். 1929-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ந் தேதி ஒரு நோயாளி அவரிடம் விசித்திரமான சங்கதி ஒன்றைச் சொன்னார். அந்த நோயாளியும் ஒரு டாக்டரே; வயது அறுபத்தைந்து. தமக்குக் காமாலை கண்ட மறுநாளே மூட்டு வலி குறைய ஆரம்பித்ததென்றும், காமாலை நீங்கிய பின்னும் பல மாதங்கள் வலி இல்லையென்றும் அவர் சொன்னார். முட்டாள்கள் தினத்தில் சொன்ன செய்தி ஆயிற்றே என்று ஹெஞ்ச் அதை ஒதுக்கிவிடவில்லை. பிறகு கர்ப்பிணிகள் சிலரும் அதே மாதிரி சொன்னார்கள். காமாலை ஆணுக்கும் வரும். கர்ப்பம் பெண்ணுக்கு மட்டுந்தான். இரண்டிலும் பொதுவான ஏதோ ஒரு பொருள் சரீரத்துக்குள் சுரந்து வலியைத் தணிக்கிறது என்று அவர் ஊகித்தார். பெயர் தெரியாத அந்தப் பொருளுக்கு "எக்ஸ்" என்று பெயர் வைத்தார். பித்த உப்புக்கள் முதலியவற்றைக் கொடுத்துப் பார்த்தார், பலிக்கவில்லை.

அதே நிலையத்தில் எட்வர்ட் கெண்டால் என்ற ரஸாயன சாஸ்திரி இருந்தார். நம் ஒவ்வொருவருக்கும் சிறுநீரகங்களின் தலையில் குல்லாய் வைத்தாற்போல் இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. அட்ரினல் என்பது அவற்றின் பெயர். இத்தகைய சுரப்பிகள் ரத்தத்தில் கலந்து அனுப்பும் தூதுப் பொருள்களைத்தான் ஹார்மோன்கள் என்கிறார்கள். மாட்டின் அட்ரினல் சுரப்பிகளிலிருந்து கெண்டால் பல பொருள்களைப் பிரித்தெடுத்து ஏ, பி, இ, எப் என்று எழுத்துக்களால் குறித்து வைத்திருந்தார். "இ" என்ற பொருளை முடக்கு வாதத்துக்குக் கொடுத்துப் பார்க்கலாமே என்று 1941-ம் வருஷம் இருவரும் பேசி முடிவு செய்தார்கள். ஆனால் கொடுப்பதற்குப் பொருள் வேண்டுமே! உலக யுத்தமும் குறுக்கிட்டது. கடைசியில் மெர்க் கம்பெனியைச் சேர்ந்த லூயிஸ் ஸாரெட் என்பவர் மாட்டுப் பித்தத்திலிருந்து எடுத்த அமிலத்தை முப்பதுக்கு மேற்பட்ட படிகளில் மாற்றி அதைச் செய்து காட்டினார். காமாலையைப் பார்த்து ஹெஞ்ச் பித்தத்தைத் தேடினார். பித்தம் நேராக உதவவில்லை. வேறொரு வழியாகச் சுற்றி வந்து அதுவே மருந்துக்கு மூலப்பொருள் ஆயிற்று. விதியின் விளையாட்டை என்னவென்று சொல்வது!

1948-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 21-ந் தேதி, இருபத்தொன்பது வயதுள்ள ஒரு பெண்ணுக்கு முதன்முதலாக அந்த ஊசி போடப்பட்டது. படுக்கையில் புரளக்கூட முடியாமல் கிடந்தவள் அவள். சில நாட்களுக்குள் எழுந்து நடந்தாள். ஒரு வாரத்துக்குள் கடைவீதிக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்தாள்! "இ" என்ற எழுத்துக்குக் கார்டிஸோன் என்ற நாமகரணம் நடந்தது. 1950-ம் வருஷம் ஹெஞ்சுக்கும், கெண்டாலுக்கும், ஸ்விட்ஸர்லாந்தில் இதே சுரப்பிகளை ஆராய்ந்த ராய்க்ஸ்டைன் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! மருந்தை நிறுத்தினால் வியாதி திரும்பி வந்தது. நிறுத்தாமல் கொடுத்தால் முகம் பூர்ண சந்திரனைப் போல் உருண்டது, எலும்பு மெலிந்தது, சர்க்கரை வியாதி தலைகாட்டியது, சிலருக்குச் சித்தமும் கலங்கியது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்து கொட்டுவதைக் கண்டதும் சரீரத்தின் சொந்தச் சுரப்பிகள் வேலையை மறந்து தூங்கிவிடுகின்றன. திடீரென்று மருந்தை நிறுத்தினால் அவை உடனே விழித்துக்கொள்வதில்லை. மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் விழுதல் என்று ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

பெரியம்மாவின் பாதி உண்மைக்கு இப்போது வருவோம். கர்ப்ப காலத்தில் தாயின் சரீரத்தில் அட்ரினல் ஹார்மோன் அதிகமாகிறது. மற்ற ஹார்மோன்களும் பெருகுகின்றன. அது மட்டுமல்ல. வயிற்றிலிருக்கும் சிசுவுக்குப் பாதி அம்சம் தகப்பனுடையது. தாயின் காவற்படைக்கு அது அந்நியம். அந்நியனென்று அதைத் தாக்காமலிருக்கும்படி இயற்கையன்னை அந்தப் படைக்குக் கட்டளை இடுகிறாள். அப்போது மூட்டுகளுக்கும் நிம்மதி கிடைக்கிறது. முடக்கு வாதமுள்ள கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கோ, அதற்குச் சற்று அதிகமானவர்களுக்கோ வலி தணிகிறது. பிரசவமான சில மாதங்களில் ஹார்மோன்கள் இறங்குகின்றன, கட்டளையும் நீங்குகிறது, பலருக்கு வியாதி திரும்புகிறது. முன்பு இல்லாதவர்களுக்குங்கூட அந்த வருஷத்தில் புதிதாக ஆரம்பிப்பது உண்டு.

காலைப் பிடிப்பிலும் ஹார்மோனுக்குப் பங்கு இருக்கிறது. வீக்கத்தைத் தூண்டும் பொருள்கள் பின்னிரவில் ரத்தத்தில் ஏறுகின்றன. அவற்றை அடக்க வேண்டிய அட்ரினல் ஹார்மோன் விடியற்காலையில்தான் உச்சத்துக்கு வருகிறது. வந்தாலும் இந்த நோயாளிகளுக்கு அது போதுமானதாக இருப்பதில்லை. கோழி கூவும் வேளையில் விரல் மரமாகிவிடுவதன் காரணம் இதுவே.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். "ஒரே வாரத்தில் குணம்" என்று யாரோ ஒருவர் ஒரு பொடி கொடுத்தார். உண்மையாகவே ஒரே வாரத்தில் வலி பறந்தது! இரண்டு மாதத்தில் பெண்ணின் கன்னம் உப்பியது. "பிள்ளை பெற்ற உடம்பு தேறுகிறது" என்று நாங்களெல்லாம் பூரித்துப்போனோம். பொடி கொடுத்தவர் வெளியூர் போய்விட்டார், பொடியும் தீர்ந்தது. நாலாம் நாள் அவள் தலை சுற்றி விழுந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்த பெண் டாக்டர் முகத்தைப் பார்த்ததுமே, "என்ன பொடி சாப்பிட்டாய், அம்மா?" என்றுதான் கேட்டார். கார்டிஸோன் வம்சத்து மருந்தை அந்தப் பொடியில் கலந்திருக்க வேண்டும் என்பது அவர் அபிப்பிராயம். அதே வம்சத்து மருந்தை அளந்து கொடுத்து, வாரங்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்தார். கூடவே, பால் கொடுக்கும் தாய்க்குப் பொருந்தும் வேறு மருந்துகளும் கொடுத்தார். குழந்தை பால் மறந்த பிறகு மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தை ஆரம்பித்தார்.

அந்த மருந்தின் பூர்வோத்தரத்தைக் கேட்டால் நேயர்களுக்கு மார்பு விம்மும். அது பிறந்தது அமெரிக்காவில் லெடர்லி ஆராய்ச்சி சாலையில். அந்தச் சாலையின் ஆராய்ச்சித் தலைவராயிருந்தவர் நம் சென்னை வைத்தியக் கல்லூரி மாணவரான எல்லாப்பிரகட சுப்பாராவ். காந்தியடிகளின் சொற்கேட்டுக் கதர் அங்கி அணிந்து சத்திர சிகிச்சை வகுப்புக்குப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் ஒரு படி குறைந்த பட்டம் பெற்றவர் அவர். 1948-ம் வருஷம் ஆகஸ்டு மாதம், அந்த முதல் கார்டிஸோன் ஊசிக்குச் சில வாரங்களுக்கு முன், நியூயார்க்கில் காலமானார். ஆதியில் புற்று நோய்க்காகத் தோன்றிய அம்மருந்தே இன்று முடக்கு வாதத்துக்கு முதல் மருந்தாக உலகமெங்கும் வழங்குகிறது. ஆனால் ஜாக்கிரதை! அது வாரத்துக்கு ஒரு தடவைதான். தினம் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளுக்கும், கர்ப்பம் தரிக்க எண்ணுகிறவர்களுக்கும், பால் கொடுக்கிறவர்களுக்கும் ஆகாது.

வீட்டுப் பெரியவர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான். பிள்ளை பெற்ற பெண், "காலையில் கை மடங்கவில்லை" என்றால் பூண்டைத் தேடாதீர்கள். வாயு என்று வாயடைக்காதீர்கள். கணுக்கள் வீங்கி, காலைப் பிடிப்பு அரை மணிக்கு மேல் நீடித்தால் அந்த மாதமே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். முதல் சில மாதங்களில் தொடங்கும் சிகிச்சைதான் விரல்களைக் காப்பாற்றுகிறது. கோணிய விரலை நேராக்க மருந்து கிடையாது.

சென்ற வெள்ளிக்கிழமை என் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தேன். என் மருமகள் ஒரு கையால் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மறு கையால் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். கையில் கண்ணாடி வளையல்கள் கலகலத்தன. பெரியம்மா என்னைப் பார்த்தார். இந்தத் தடவை சிரித்தது அவர்தான்.