எங்களைக் கேட்டீர்களா?

இருபதுக்கு நான்கு. கணக்கிலும் அறிவியலிலும் குறையே வைக்காத என் மகனுக்கு, பள்ளி நிர்வாகத்தாரே, வேதபாடத்தில், அதாவது பைபிள் வகுப்பில், நீங்கள் போட்ட மார்க் இது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. அப்படி என்ன தப்பாக எழுதிவிட்டான்? 'மெய்த் தெய்வத்தை அறியாதவர்கள் எவற்றை வணங்குகிறார்கள்?' என்ற கேள்விக்கு நேரே ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறான். 'கல்லையும் மரத்தையும்' என்று உங்கள் புத்தகத்தில் விடை இருக்கிறது. அவனுக்கு அது மனப்பாடம். எழுதத்தான் கை வரவில்லை. குந்தாரப்பள்ளியில் எங்கள் தெருமுனையில் மாரியம்மன் இருக்கிறாள். விடிந்ததும் வாசல் தெளித்துவிட்டு அவன் பாட்டி கையெடுத்துக் கும்பிடுவது அந்தக் கல்லைத்தான். பாட்டியை அறியாதவள் என்று எழுதினால்தான் மார்க்கா?

கேட்கப் போனேன். அட்மிஷன் பாரத்தை எடுத்து மேஜைமேல் போட்டார்கள். "கையெழுத்து நீங்க போட்டதுதானேம்மா? பிடிக்கலைன்னா டி.சி. வாங்கிக்கோங்க." நைட் ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு வந்து போட்ட கையெழுத்து அது. இங்கிலீஷில், பொடி எழுத்தில், கடைசிப் பக்கத்தில், வேதபாடத்துக்குச் சம்மதம் என்று ஒரு வரி. யாரும் படித்துச் சொல்லவில்லை. என்ன புத்தகம் என்றும் காட்டவில்லை. எங்கள் ஊர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு வாங்குகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் காசை எண்ணுகிறான். ஆடு விற்று பீஸ் கட்டிய எங்களுக்குப் பிள்ளையின் பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க உரிமை இல்லையா?

அரசியல் சாசனத்தின் 28ஆவது பிரிவு எனக்காகவும்தான் எழுதப்பட்டது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி எதிலும், சம்மதம் இல்லாமல் யாரையும் மதபோதனையில் உட்கார வைக்கக் கூடாது. சிறுவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ சம்மதிக்க வேண்டும் என்கிறது. தெரியாமல் போட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று நீட்டுகிறீர்களே, மனசாட்சி உறுத்தவில்லையா?

இதைச் சொன்னதும் சிலர் ஓடி வந்தார்கள். "நீங்க பேட்டி மட்டும் குடுங்கக்கா, மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்" என்றார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். 2022 ஏப்ரலில் பெங்களூரு கிளாரன்ஸ் பள்ளியில் இதே விவகாரம்தான். பிள்ளை பைபிள் கொண்டுவர ஆட்சேபிக்க மாட்டோம் என்று சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரிடம் உறுதி வாங்கியிருந்தார்கள். இந்து அமைப்பு ஒன்று அதைக் கையில் எடுத்தது, அரசு விளக்கம் கேட்டது, டி.வி.க்கு டி.வி. கூச்சல். அந்தக் கூச்சலில் ஒரு தாயின் குரலாவது நமக்குக் கேட்டதா? என் மகனைக் கொடிக்கம்பமாக்க யாருக்கும் தரமாட்டேன். கிளாரன்ஸ் விவகாரத்துக்கு முந்தைய மாதம்தான் குஜராத்தில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கீதையைப் பாடமாக்கப் போவதாக அரசு அறிவித்தது. அங்கே ஒரு முஸ்லிம் தாய்க்கும் கிறிஸ்தவத் தாய்க்கும் வயிறு எரிந்திருக்காதா? அந்த எரிச்சலும் என்னுடையதும் ஒன்றுதான்.

பைபிள்மேல் எனக்கு என்ன பகை? என் மூத்தவள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் தேம்பாவணி படித்தாள். தாய் எலிசபெத்தைப் புதைத்துவிட்டுக் கருணையன் காட்டில் தனியாக நின்று அழுகிற பகுதி. வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்து தமிழில் எழுதியது. அவள் சத்தம் போட்டு வாசிக்க, அதே மாரியம்மனைக் கும்பிடுகிற என் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம்டி, அம்மா இல்லாத புள்ளை" என்றார். அந்தப் பாடத்தில் எங்களை யாரும் மதம் மாறச் சொல்லவில்லை. எங்கள் சாமி பொய் என்றும் சொல்லவில்லை. அப்படி ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க உங்களால் ஏன் முடியவில்லை?

கம்பெனி லைனில் என் பக்கத்தில் நின்று வேலை செய்கிற அக்கா எலத்தகிரிக்காரர், கத்தோலிக்கர். அவர் மகளும் அதே வகுப்பு. அவர் சொன்னார்: "எங்க பைபிள்ல 73 புத்தகம். இவங்க பாடத்துல 66ன்னுதான் இருக்கு. எம்பொண்ணு 73ன்னு எழுதினா, தப்புன்னு சிவப்பு மையில சுழிச்சுட்டாங்க." கிறிஸ்தவக் குழந்தைக்கே இந்தக் கதி! யாருடைய பைபிளைப் பிள்ளைகள் தலையில் கட்டுகிறீர்கள்?

அமெரிக்காவிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. அரசுப் பள்ளியில் பக்திக்காக பைபிள் வாசிக்க வைக்கக் கூடாது, இலக்கியமாக, வரலாறாகப் படிப்பது வேறு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1963இல் சொன்னது. டெக்சாஸின் ஒடெஸா ஊரில் விருப்பப் பாடமாகவே பைபிளை வைத்தார்கள். ஆனால் தேர்ந்தெடுத்த பாடத்திட்டம் ஒரு பிரிவின் நம்பிக்கையையே உண்மை என்று திணிக்கிறது என்று பெற்றோர் 2007இல் வழக்குப் போட்டார்கள். போட்டவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. மறு ஆண்டே அந்தப் பாடத்திட்டத்தைக் கைவிட ஒப்புக்கொண்டு நிர்வாகம் சமரசத்துக்கு வந்தது. அங்கே அது பிள்ளைகள் விரும்பினால் எடுக்கிற பாடம். இங்கே என் பிள்ளைக்கு அப்படித் தேர்ந்தெடுக்கிற உரிமையும் இல்லை.

நான் டி.சி. வாங்கப் போவதில்லை. தப்புச் செய்தது என் மகன் அல்ல. வேதபாட மார்க்கை எடுத்துவிட்டு அவனுக்குப் புது ரேங்க் கார்டு கொடுங்கள். வருகிற ஜூனில் சேர்க்கைக்கு வருகிற ஒவ்வொரு தாயின் கையிலும் முதலில் அந்தப் புத்தகத்தைக் கொடுங்கள். எங்களுக்குப் புரிகிற தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ விளக்குங்கள். வேண்டாம் என்கிற பிள்ளைக்கு அந்த ஒரு பீரியடில் வேறு பாடம் நடத்துங்கள். பிறகு கையெழுத்துக் கேளுங்கள்.