பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவர் யார்?



மாதனூரிலும் ஆம்பூரிலும் ஷூ கம்பெனி வாசல்களில் ஷிப்டு மாறும் நேரத்தில் நம் இளம் தொழிலாளர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். யாரை அணியில் இறக்குவது, யாரைப் பெஞ்சில் உட்கார வைப்பது? இதுதான் பேச்சு. காயம்பட்டுத் திரும்பியவன் முழு ஆட்டமும் தாங்குவானா, எந்த மைதானத்தில் பந்து சுழலும், எந்த அணி தன் முக்கிய ஆட்டக்காரனுக்கு இந்த வாரம் ஓய்வு கொடுக்கும் என்றெல்லாம் அலசுகிறார்கள். பத்தாம் வகுப்பைத் தாண்டாத பையன் ஐந்து வருடக் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கிறான்.

இந்த அறிவை நாம் ஏளனம் செய்யவில்லை. உழைப்பாளி வீட்டுப் பிள்ளையின் மூளை கூர்மையானது என்பதற்கு இது சாட்சி. நாம் கேட்பது ஒரே கேள்வி: இந்த மூளையை வைத்துக் கொழுத்தவன் யார்?

ஒரே ஆட்டம், இரண்டு வேஷம்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தை ஒட்டி ஒரு கற்பனை அணி ஆட்டம் நடக்கிறது. ஆடுகிறவர் 10 கோடி பவுன் கற்பனைப் பணத்தில் 15 ஆட்டக்காரர்களை வாங்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் 11 பேரைக் களத்தில் இறக்கி, 4 பேரைப் பெஞ்சில் வைக்க வேண்டும். கேப்டனுக்கு இரட்டைப் புள்ளி. இறக்கியவன் ஆடாமல் போனால்தான் பெஞ்சில் இருப்பவன் அவன் இடத்துக்கு வருவான். மற்றபடி பெஞ்சில் இருந்தவன் மூன்று கோல் போட்டாலும் அந்தப் புள்ளி பொதுவாகச் சேராது. தலையில் அடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் நஷ்டம். ஏனெனில் இந்த ஆட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

நம் நாட்டில் இதே ஆட்டம் வேறு வேஷத்தில் வந்தது. 2008-ல் தொடங்கிய ட்ரீம் லெவன் கம்பெனியும், அதன் பின்னால் வந்த மற்றவையும் கிரிக்கெட்டைப் பிடித்துக்கொண்டன. மோதும் இரு அணிகளின் 22 பேரில் 11 பேரைத் தேர்ந்தெடு, மற்றவரை ஒதுக்கு, கேப்டனுக்கு இரண்டு மடங்கு, துணைக் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. எல்லாம் அதே சாயல்தான். ஆனால் இங்கே பணம் கட்டி ஆடும் போட்டிகளே பிரதானமாயின! அதுவும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும்! ஒரு ஐ.பி.எல். பருவத்தில் 74 ஆட்டம். ஆட்டத்துக்கு 50 ரூபாய் கட்டினால்கூட 3,700 ரூபாய். தையல் மெஷினில் குனிந்து முதுகொடிந்தவர் வீட்டில் அது எத்தனை நாள் அரிசி, எத்தனை மாதப் பால் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

'திறமை' என்னும் கேடயம்

"இது சூதாட்டமல்ல, திறமை ஆட்டம்" என்று கம்பெனிகள் முழங்கின. கேடயம் பழையது. திறமை பெருமளவு வேண்டியிருக்கும் போட்டி சூதாகாது என்று 1957-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1968-ல் ரம்மியும் திறமை ஆட்டம் என்றது. 1974-ல் தமிழ்நாடு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. 1996-ல் குதிரைப் பந்தயமும் திறமைதான் என்று தீர்ப்பு வந்தது. 2017-ல் ட்ரீம் லெவனில் பணம் இழந்த ஒருவர் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அங்கும் 'திறமை'யே வென்றது. பணத்தைத் தோற்றவர் வழக்கையும் தோற்றார்!

ஆனால் அதே 1968 தீர்ப்பு இன்னொன்றும் சொல்லியிருந்தது. ஆட்டத்துக்கு இடம் கொடுத்தவன் அந்த ஆட்டத்திலிருந்து லாபம் எடுத்தால் அங்கே குற்றம் நிற்கலாம் என்றது. அந்தப் பகுதியை எந்தக் கம்பெனி விளம்பரத்திலாவது நீங்கள் கண்டதுண்டா?

கம்பெனிக்குப் பெஞ்சு இல்லை

சரி, திறமை என்றே வைத்துக்கொள்வோம். கணக்கைப் பார்ப்போம்.

22 பேரில் 11 பேரைத் தேர்ந்தெடுக்க 7,05,432 வழிகள் உண்டு. கேப்டன், துணைக் கேப்டனையும் சேர்த்தால் 7,75,97,520 வழிகள். கம்பெனியின் கட்டுப்பாடுகளைக் கழித்தாலும் மிச்சம் மலைபோல் நிற்கும். இந்த மலைக்கு முன்னால் நம் தொழிலாளி தன் ஒரே அணியோடு நிற்கிறான். சந்தேகத்துக்குரிய ஆட்டக்காரனை இறக்கலாமா, ஒதுக்கலாமா என்று பாதி ராத்திரி வரை யோசிக்கிறான்.

பணம் படைத்தவனுக்கு இந்தத் தலைவலி உண்டா? ஒரே போட்டியில் பல அணிகளை இறக்க அனுமதி இருந்தது. பத்து அணியில் அவனைச் சேர்த்தான், பத்து அணியில் ஒதுக்கினான்; எது நடந்தாலும் அவன் கை ஒன்று மேஜையில் இருந்தது. யாரைப் பெஞ்சில் வைப்பது என்ற வேதனை ஐம்பது ரூபாய்க்காரனுக்கு மட்டுமே உரியது!

கம்பெனிக்கோ பெஞ்சே கிடையாது. ஓர் எடுத்துக்காட்டு: நூறு பேர் ஆளுக்கு 50 ரூபாய் கட்டுகிறார்கள், மொத்தம் 5,000. கம்பெனி நூற்றுக்குப் பத்து எடுக்கிறது என்று வைப்போம். 500 போய் 4,500 பரிசாகத் திரும்புகிறது. பத்து இரவு இப்படி நடந்தால் 5,000 ரூபாய் கம்பெனிப் பெட்டியில். நூறு பேரும் மேதைகளாக இருக்கட்டும், மூடர்களாக இருக்கட்டும். இந்தக் கணக்கு மாறாது. தொழிலாளியின் திறமை பக்கத்து மெஷின் தொழிலாளியின் பையிலிருந்து எடுக்க மட்டுமே உதவியது. கம்பெனியின் பங்கை அது தொடக்கூட இல்லை.

சர்க்கார் எங்கே இருந்தது?

2020-ல் ஐ.பி.எல். போட்டிக்கே ட்ரீம் லெவன் பெயர் சூட்டப்பட்டது. 2023 முதல் இந்திய அணியின் மார்பிலும் அதே பெயர். 2023 அக்டோபர் 1 முதல் கட்டும் பணம் முழுவதற்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. போட்டு மத்திய சர்க்காரும் மேஜையில் வந்து உட்கார்ந்தது.

தமிழ்நாட்டில் 2022-ல் ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதா நிறைவேறியது. கவர்னர் அதைத் திருப்பி அனுப்பினார். மறுபடி நிறைவேற்றிய பின் 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. அதன் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டவை ரம்மியும் போக்கரும். அவற்றுக்கான தடையையும் 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. காரணம்? மறுபடியும் 'திறமை'!

கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. திறமையோ, அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும் தடை. நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடியவருக்குத் தண்டனை இல்லை. ட்ரீம் லெவன் பணப் போட்டிகளை நிறுத்தியது. இந்திய அணியின் சட்டையிலிருந்தும் பெயர் போயிற்று. எத்தனை குடும்பம் கடனில் மூழ்கிய பிறகு!

"எங்கள் உரிமை பறிபோயிற்று" என்று கம்பெனிகள் நீதிமன்றம் ஏறின. அந்த வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. "என் பணம், என் விருப்பம்" என்று நம்மில் சிலரும் அதே பாட்டைப் பாடுகிறார்கள். நண்பரே, அந்தப் பணம் உமது மட்டுமா? அதே கம்பெனியில் வேலை செய்யும் உம் மனைவியின் குழுக் கடன் தவணை அதில் இல்லையா? பிள்ளையின் பள்ளிக் கட்டணம் அதில் இல்லையா?

நிஜமான பெஞ்சு

அதே 2025 ஆகஸ்டில் இன்னொன்றும் நடந்தது. 27-ம் தேதி முதல் இந்தியச் சரக்குகள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. ஆம்பூர் வட்டாரத் தோல், காலணி ஏற்றுமதிக்கு அது பேரிடி. ஆர்டர் குறையும்போது தொழிற்சாலையில் என்ன கேள்வி எழும்? யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே உட்கார வைப்பது என்பதுதான். அங்கே அணியைத் தேர்ந்தெடுப்பவர் நாமல்ல. தேர்ந்தெடுக்கப்படும் பெயர்கள்தான் நாம். முதலில் ஒதுக்கப்படுபவர் காண்டிராக்ட் தொழிலாளி. ஆட்டக்காரன் பெஞ்சில் இருந்தாலும் சம்பளம் வாங்குகிறான். நம் தொழிலாளிக்கு வாசலில் கும்பிடு போட்டுத் திரும்பும் கூலிகூட இல்லை.

ஐந்து வருட ஆட்டக் கணக்கை நினைவில் வைத்த அதே மூளை, தன் பி.எப். கணக்கில் கம்பெனி பணம் கட்டியதா என்று பார்க்கட்டும்! ஓவர்டைம் மணியை எண்ணட்டும்! யாரை, எந்த விதியின்படி நிறுத்தினார்கள் என்று கேட்கட்டும்! அங்கே காட்டும் திறமை பக்கத்து மெஷின் தொழிலாளியின் பையை அறுக்காது. அவன் கையைப் பிடிக்கும்.

செய்ய வேண்டியது

ஆட்டத்தை ரசியுங்கள். காசு கட்டாமல் அணி அமைத்து மகிழுங்கள். நாமும் சேர்ந்து வாதாடுவோம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து பெயர் மாற்றி வரும் வெளிநாட்டுச் செயலிகளை நம்பாதீர்கள். பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே புகார் செய்யுங்கள். செட்டுக்குள்ளேயே வாட்ஸப் குழு வைத்து ஆளுக்கு நூறு வசூலிக்கும் பழக்கத்தை நாமே நிறுத்துவோம். கடன்பட்டவனைக் கேலி செய்யாதீர்கள். வட்டிக்காரனிடம் அவன் மறுபடி போகும் முன் அவனோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். கழனி வேலைக்குப் போகும் தோழர்களும் தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசியில் என்ன ஓடுகிறது என்று கேட்டு அறியட்டும்.

திறமை நம்முடையது. அதை மேஜைக்காரனுக்கு இனி ஒரு காசுக்கும் விற்க மாட்டோம்!