ரோலர் கோஸ்டர் சிமுலேட்டர்களும் மாஹிம் ராட்டினங்களும்

ரோலர் கோஸ்டர்களைக் கணினியில் வடிவமைத்து, கணினியிலேயே ஏறி ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்களை இளநிலை இயற்பியலின் செய்முறைத் தாளில் சேர்க்கலாம் என்றொரு முன்மொழிவைச் சில மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரியின் பாடத்திட்டக் கூட்டத்தில் வைத்தேன். "விளையாட்டுக்கு மதிப்பெண்ணா?" என்று ஒருவர் கேட்டார், சிரிப்பு அடங்கியதும் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். எந்தக் கல்லூரி என்பது இங்கே முக்கியமன்று. பெரும்பாலான கல்லூரிகளில் இதுவே நடந்திருக்கும். அந்தக் கேள்விக்கு விரிவாக விடை சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இந்தப் பதிவு. இம்மென்பொருள்களைக் கொண்டாடுபவர்களோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு; அதைப் பின்பாதியில் சொல்கிறேன்.

சான்பாடாவில் குடியிருப்பவர்களுக்கு வளைவு என்பது அன்றாட அனுபவம். இங்கே தண்டவாளங்கள் முக்கோணமாகப் பிரிகின்றன. ஒரு கிளை ஜூயிநகர் வழியாகப் பன்வேலுக்கும் மற்றொன்று துர்பே வழியாகத் தாணேக்கும் போகின்றன. காலை நெரிசலில் துர்பே பக்கம் திரும்பும் வண்டியில் நின்றுகொண்டு போகிறவர், வண்டி வளையத் தொடங்குவதைப் பாதத்தால் அறிவார். நேர்கோட்டிலிருந்து தண்டவாளம் சட்டென்று ஒரு வட்டத்துக்குள் புகுந்தால், பக்கவாட்டு விசை முழு அளவில் ஒரே கணத்தில் வந்து தாக்கும். நிற்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிவார்கள். அதனால் நேர்கோட்டுக்கும் வட்டத்துக்கும் நடுவே வளைமை சிறிது சிறிதாகக் கூடும் ஓர் இடைவளைவு போடப்படுகிறது. இந்திய ரயில்வே இதற்குக் கைக்கொள்வது முப்படிப் பரவளைவு. வெளித்தண்டவாளத்தை உயர்த்துவதும் அந்த இடைவளைவின் நீளத்துக்குள் படிப்படியாக நிகழ்கிறது. நம் இயந்திரவியல் பாடம் முடுக்கத்தோடு நின்றுவிடும். முடுக்கம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதைப் பாடம் ஒரு வரியில் தாண்டிப்போகிறது. ஆனால் நின்றுகொண்டு பயணம் செய்யும் உடம்பு பெரிதும் முறையிடுவது அதைப் பற்றித்தான்.

ரோலர் கோஸ்டரின் வரலாறே இந்த ஒரு பாடத்தைக் கற்ற வரலாறுதான் என்று சொல்லலாம். 1895இல் நியூயார்க்கின் கோனி தீவில் பிளிப் பிளாப் ரயில்வே என்ற பெயரில் ஒரு தலைகீழ்ச் சுற்றுப் பாதை திறக்கப்பட்டது. சுற்று ஏறத்தாழ முழு வட்டம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் எவரும் இதைக் கணக்கிடலாம்: உச்சியில் வண்டி விழாமலிருக்கக் குறைந்த அளவு வேகம் வேண்டும், அந்த வேகத்தோடு உச்சிக்குப் போய்ச் சேர, அடியில் நுழையும்போது எவ்வளவு வேகம் வேண்டும் என்பதை ஆற்றல் அழியாமை சொல்லும். விடையில் ஆரம் நீங்கிவிடுகிறது. வட்டம் பெரிதோ சிறிதோ, அடியில் பயணி தன் எடையைப்போல் ஆறு மடங்கைத் தாங்க வேண்டும். அதுவும் நேர்ப்பாதையிலிருந்து வட்டத்துக்குள் புகும் ஒரே கணத்தில். கழுத்து வலியோடு இறங்கிய பயணிகளைப் பற்றிய கதைகள் அந்தக் கோஸ்டரைத் தொடர்ந்தன. அது நெடுநாள் நிலைக்கவில்லை.

தீர்வு வர எண்பது ஆண்டுகள் ஆயின. 1976இல் கலிபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் ரெவல்யூஷன் என்னும் கோஸ்டருக்காக ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் வடிவமைத்த சுற்று, கண்ணீர்த் துளியின் வடிவம் கொண்டது. அடியில் ஆரம் பெரிது, உச்சியில் சிறிது. நடுவே வளைமை படிப்படியாகக் கூடுகிறது. ரயில்பாதைப் பொறியியல் முன்பே அறிந்திருந்த இடைவளைவு, இங்கே செங்குத்தாக எழுந்து நின்றது.

கணினிக்கு வருகிறேன். 2001இல் ஜெர்மனியின் ஓலே லாங்கே வெளியிட்ட நோலிமிட்ஸ், அதன்பின் 2014இல் வந்த நோலிமிட்ஸ் 2 ஆகியவற்றில், பாதையின் ஒவ்வொரு புள்ளியிலும் செங்குத்து விசை, பக்கவாட்டு விசை ஆகியவற்றைத் திரையில் பார்க்கலாம். பாதையைத் திருகும்போது தண்டவாளத்தை அச்சாகக் கொண்டு திருகினால், அதற்கு ஒரு மீட்டருக்கும் மேலே இருக்கும் பயணியின் தலை அரைவட்டமாக வீசப்படும். பயணியின் நெஞ்சை அச்சாகக் கொண்டால் உடம்பு ஏறத்தாழ ஒரே இடத்தில் இருக்க, தண்டவாளம் அதைச் சுற்றி வளைந்து செல்லும். இந்த வேறுபாட்டைக் கரும்பலகையில் விளக்க எனக்கு அரை மணி நேரம் பிடிக்கிறது, அதன் பின்னும் பாதி வகுப்புக்கு விளங்குவதில்லை. மென்பொருளில் இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிக் காட்டினால் மாணவர்கள் தாமே வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறார்கள்.

இதைவிட ஒரு படி மேலானது, கோஸ்டர் ஆர்வலர்கள் கையாளும் விசைவழி வடிவமைப்பு. நம் தேர்வுத்தாளில் பாதை தரப்படும், விசை கேட்கப்படும். இங்கே வினா தலைகீழ். பயணியின் உடம்பு ஒவ்வொரு நொடியிலும் என்ன உணர வேண்டும் என்று முதலில் வரைகிறோம். அதிலிருந்து தொகையீடு செய்து பாதையைப் பெறுகிறோம். இருக்கையிலிருந்து உடம்பு சற்றே எழும் அந்த எடையிழந்த இரண்டு நொடிகள் வேண்டுமா? அதற்குரிய மேட்டின் வடிவத்தைச் சமன்பாடு தருகிறது. எதிர்த்தீர்வுக் கணக்குகளை முதுநிலையில்தான் தொட வேண்டும் என்று நாம் வைத்திருக்கும் வேளையில், பதினைந்து வயதுப் பிள்ளைகள் இதைப் பொழுதுபோக்காகச் செய்துகொண்டிருக்கிறார்கள். "விளையாட்டுக்கு மதிப்பெண்ணா?" என்று கேட்டவருக்கு என் முதல் விடை இது.

இரண்டாவது விடை பணம் சார்ந்தது. இங்கிருந்து பன்வேலைத் தாண்டிப் போனால் கோபோலியில் இமேஜிகா இருக்கிறது. 2013இல் திறந்த அந்தப் பூங்காவின் நைட்ரோ, சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மபியார் நிறுவனம் செய்தது. ஏறத்தாழ 40 மீட்டர் உயரம். அந்த உயரத்திலிருந்து உராய்வின்றி இறங்கினால் மணிக்குச் சுமார் 100 கி.மீ. வேகம் வரும் என்பதை நேரில் சரிபார்க்க ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல் நுழைவுக் கட்டணம் ஆகும். தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வரும் என் மாணவர்களில் அங்கே போனவர்கள் மிகச் சிலர். பழைய மடிக்கணினி ஒன்று பெரும்பாலும் வீட்டிலோ நண்பரிடமோ இருக்கிறது.

திரையில் சவாரி செய்வது சவாரி ஆகாது என்பது உண்மைதான். தலையில் மாட்டும் மெய்நிகர்க் கண்ணாடி கண்ணை மட்டுமே ஏமாற்றும். உட்செவி நாற்காலியில் அமர்ந்திருப்பதை அறியும். இரண்டும் முரண்படுவதால்தான் குமட்டுகிறது. வணிக வளாகங்களில் இருக்கும் ஆடும் இருக்கைகள் இன்னொரு தந்திரம் செய்கின்றன: இருக்கையைப் பின்னால் சாய்த்து, புவியீர்ப்பின் ஒரு கூறை முடுக்கமாக நம்ப வைக்கின்றன. ஐன்ஸ்டீனின் சமன்மைக் கோட்பாட்டுக்கு இதைவிட மலிவான செயல்விளக்கம் கிடைக்காது. ஆனால் சாய்வால் எடையிழப்பைத் தர முடியாது. ஏன் முடியாது என்பதையே வகுப்பில் ஒரு வினாவாகக் கொடுக்கலாம்.

இனி ஆர்வலர்களோடு உள்ள வழக்கு. நோலிமிட்ஸ் போன்ற துல்லியமான சிமுலேட்டர்களை உயர்த்திப் பேசும்போது, 1999இல் வந்த ரோலர் கோஸ்டர் டைகூனைக் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்குவது அவர்களிடையே வழக்கம். ஸ்காட்லாந்துக்காரரான கிறிஸ் சாயர் ஏறத்தாழ முழுவதையும் அசெம்பிளி மொழியில் எழுதிய விளையாட்டு அது. ஆயத்தத் துண்டுகளைக் கட்டத்தில் பொருத்தித்தான் பாதை போட முடியும். இடைவளைவின் நுட்பத்துக்கு அதில் இடமில்லை. ஆயினும் துல்லியமான சிமுலேட்டர்கள் விட்டுவிட்ட ஒன்று அதில் இருக்கிறது: சவாரிகள் பழையதாகின்றன, பழுதாகின்றன. ஆண்டு ஏற ஏற நம்பகத்தன்மை குறைகிறது. பாதுகாப்புப் பிடி திறக்காமலோ மூடாமலோ சிக்கிக்கொள்கிறது. நிலையத்துப் பிரேக் தவறினால் ஒரு வண்டி மற்றொன்றின்மேல் மோதி ஆட்கள் சாகிறார்கள். நீலச் சீருடை போட்ட ஒரு பழுதுபார்ப்பவர் பூங்காவெங்கும் நடந்துகொண்டிருக்கிறார். அவருக்குச் சம்பளம் தர வேண்டும். ஒவ்வொரு சவாரியையும் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அவர் சோதிக்க வேண்டும் என்பதை நாம் தேர்ந்தெடுக்கிறோம். பத்து நிமிடத்தில் தொடங்கும் அந்தப் பட்டியலில், இரண்டு மணி நேரத்துக்கும் கீழே, கடைசியாக ஒரு தெரிவு இருக்கிறது: ஒருபோதும் இல்லை.

நம் நாட்டில் மனிதர்கள் இறந்தது பெரும்பாலும் அந்தக் கடைசித் தெரிவை ஒட்டிய பகுதியில்தான். 2019 ஜூலை 14 அன்று அகமதாபாத்தின் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊசல்போல் ஆடும் ராட்டினம் ஒன்று முறிந்து விழுந்ததில் இருவர் இறந்தனர், பலர் காயமுற்றனர். 2016 மே மாதம் தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவில் புதிய ராட்டினம் ஒன்றின் சோதனை ஓட்டத்தில் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். இவை கோஸ்டர்கள் அல்ல, ராட்டினங்கள். வளைமைக் கணக்கு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் இந்த இரு நிகழ்வுகளிலும் எவரையும் காப்பாற்றியிருக்காது. இரண்டாவது நிகழ்வு என்னை அதிகம் உறுத்துகிறது. தண்ணீர் நிரப்பிய பொம்மைகளையோ மணல் மூட்டைகளையோ ஏற்றி ஓட்டிப் பார்ப்பது உலகெங்கும் அறியப்பட்ட நடைமுறை. சோதனைக்கு உரிய சுமை மனித உடம்பாக இருந்த இடத்தில், சிமுலேட்டர் என்ற சொல்லுக்கே வேறு பொருள் வந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. எனக்குத் தெரிந்த எந்தக் கோஸ்டர் மென்பொருளிலும் சவாரி ஒருமுறைதான் கட்டப்படுகிறது. நம் மக்கள் பெரும்பாலோர் ஏறும் ராட்டினம் அப்படிப்பட்டதன்று. டிசம்பரில் மாஹிம் தர்கா விழா நடக்கும் பத்து நாளும் கடற்கரையோரம் ராட்டினங்கள் எழுகின்றன. தாராவிப் பிள்ளைகள் நடந்தே போய்விடுவார்கள். விழா முடிந்ததும் அவற்றைக் கழற்றி, லாரியில் ஏற்றி, வேறோர் ஊரில் வேறொரு மண்ணில் மீண்டும் நிறுத்துகிறார்கள். தமிழ்நாட்டுத் தேர்த்திருவிழாக்களிலும் பொருட்காட்சிகளிலும் இதே கதைதான். ஒவ்வொரு முறையும் போல்ட்டுகள் கழன்று மீண்டும் முறுக்கப்படுகின்றன. மண் இளகலாக இருந்தால் காலடியில் மரக்கட்டை கொடுத்து மட்டம் பார்க்கிறார்கள். எந்த இணைப்பில் ஓசை மாறினால் நிறுத்த வேண்டும் என்பதை ராட்டினம் ஓட்டுபவர் காதால் அறிகிறார். அந்த அறிவு எந்தக் கையேட்டிலும் இல்லை, அவர் வேலையை விட்டால் அதுவும் போய்விடும். உலோகச் சோர்வைப் பற்றி நம் பொறியியல் துறைகள் கட்டுரை கட்டுரையாக எழுதுகின்றன. ஆண்டுக்கு இருபது முறை கழற்றிப் பூட்டப்படும் ஓர் இணைப்பு எப்படிச் சோர்கிறது என்பதை முதுநிலை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்ட மாணவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அது கௌரவமான தலைப்பாகத் தோன்றுவதில்லை போலும்.

ஆகவே திருத்திய முன்மொழிவு இது. செய்முறைத் தாளின் முதற்பாதியில் நோலிமிட்ஸில் ஒரு சுற்றுப் பாதையை வடிவமைத்து விசை வரைபடத்தோடு தரட்டும். பின்பாதியில் ஓபன்ஆர்சிடி2. டைகூனின் இரண்டாம் பதிப்பை அடியொற்றி 2014 முதல் தன்னார்வலர்கள் எழுதிவரும் இந்தத் திறந்த மூல மென்பொருளை ஓட்ட மூல விளையாட்டின் கோப்புகள் வேண்டும்; நிரலை மட்டும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒரு சவாரியின் கிளர்ச்சி, கடுமை, குமட்டல் ஆகிய மூன்றையும் எந்த விசைகளிலிருந்து எப்படிக் கணக்கிடுகிறார்கள், நம்பகத்தன்மை எந்த விதியால் குறைகிறது என்பதெல்லாம் அதில் வெளிப்படையாக இருக்கின்றன. அந்த விதியில் கழற்றிப் பூட்டுதல் என்ற ஒரு மாறியைச் சேர்ப்பது மாணவர்களுக்கான பணி. அதற்குரிய எண்களை நூலகத்தில் தேடிப் பயனில்லை. ராட்டினம் நிறுத்துமிடத்துக்குப் போய், எத்தனை போல்ட், எத்தனை பேர், எவ்வளவு நேரம், எதை மாற்றுகிறார்கள், எதை மாற்றாமல் விடுகிறார்கள் என்று எழுதி வர வேண்டும். ராட்டினம் ஓட்டும் ஒருவரை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்து, விருந்தினர் பேராசிரியருக்குத் தரும் அதே மதிப்பூதியத்தைத் தர வேண்டும் என்பதையும் முன்மொழிவில் சேர்த்திருக்கிறேன். கூட்டத்தில் அதிகம் எதிர்க்கப்படப்போவது இந்த வரிதான் என்று எண்ணுகிறேன்.

மாஹிமில் சாரம் எழத் தொடங்கும் நாளுக்கு முன் நான்கைந்து பேர் கொண்ட ஒரு குழு வேண்டும். சி++ அறிந்த மாணவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். ராட்டினக்காரர்களோடு பேச இந்தி தெரிந்த ஒருவரும், போல்ட்டைப் பார்த்து அளவு சொல்லத் தெரிந்த ஐடிஐ மாணவர் ஒருவரும் கட்டாயம் தேவை.