சொட்டு நீரில் வாழைக்கு உரம்: கணக்குப் போட்ட பிறகே கரைக்க வேண்டும்

சொட்டு நீர்ப் பாசனம் அமைத்த வாழைத் தோட்டங்கள் பலவற்றில் ஒரு வழக்கம் இருந்து வருகிறது. தொட்டியில் ஒரு வாளி யூரியாவைக் கொட்டிக் கலக்கி, வெஞ்சுரியைத் திறந்து விடுகிறார்கள். எத்தனை கிலோ கரைந்தது, மரத்துக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. இன்னும் சிலர் 19:19:19 உரத்தை வாங்கி வந்து, வாரம் இத்தனை பாக்கெட் என்று கரைக்கிறார்கள். இரண்டு வழியிலும் காசு வீணாகிறது. உரத்தை மிச்சப்படுத்துவது குழாய் அல்ல, கணக்குதான்.

இதில் குற்றம் விவசாயியுடையது மட்டும் அன்று. சிபாரிசுகள் பெரும்பாலும் ஹெக்டேர் கணக்கிலும் சத்துக் கணக்கிலும் அச்சாகின்றன. விவசாயி உரம் வாங்குவது மூட்டைக் கணக்கில். பயிர் செய்வது ஏக்கர், சென்ட் கணக்கில். இடையில் உள்ள பெருக்கல், வகுத்தலைச் செய்து காட்டுவோர் குறைவு. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சத மானியத்தில் சொட்டு நீர் அமைப்பு கிடைக்கிறது. குழாய் பதித்துக் கொடுப்பவர்கள், வாரம் எத்தனை கிலோ உரம் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதே முறை. அதுவரை விவசாயியே கணக்கிடலாம். அது கடினமன்று.

தோட்டக்கால் வாழையில், நேந்திரன் அல்லாத ரகங்களுக்கு மரம் ஒன்றுக்குத் தழைச்சத்து 110 கிராம், மணிச்சத்து 35 கிராம், சாம்பல் சத்து 330 கிராம் இடும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்கிறது. 1,000 மரத்துக்குத் தழைச்சத்து 110 கிலோ. யூரியாவில் தழைச்சத்து 46 சதம். 110-ஐ 46-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 239 கிலோ யூரியா. அதே போல் சாம்பல் சத்து 330 கிலோவுக்கு, 60 சதம் உள்ள மியூரேட் ஆப் பொட்டாஷ் 550 கிலோ தேவை. மணிச்சத்தை சூப்பர் பாஸ்பேட்டாக மண்ணில் இடுவதே நல்லது. சூப்பர் முழுவதும் கரையாது, குழாயை அடைக்கும்.

நட்ட 19-ஆவது வாரம் முதல் 30-ஆவது வாரம் வரை மரம் வேகமாக வளர்கிறது. இந்த 12 வாரங்களில் தழைச்சத்தில் பாதியும் சாம்பல் சத்தில் 40 சதமும் கொடுக்க வேண்டும். அப்படியானால் யூரியா 120 கிலோ, அதாவது வாரம் 10 கிலோ. பொட்டாஷ் 220 கிலோ, அதாவது வாரம் சுமார் 18 கிலோ. மரத்துக்கு வாரம் 10 கிராம் யூரியா; அவ்வளவுதான். 400 மரம் உள்ளவர் வாரம் 4 கிலோ யூரியாவும் 7 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகப் பொட்டாஷும் கரைத்தால் போதும். மண் பரிசோதனை முடிவு கையில் இருந்தால் அதற்கேற்ப அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும்.

வாழைக்குச் சாம்பல் சத்து, தழைச்சத்தைப் போல் மூன்று மடங்கு வேண்டும் என்பதைக் கவனிக்கவும். மூன்று சத்தும் சமமாக உள்ள 19:19:19 உரத்தால் அதை ஈடு செய்ய முயன்றால், வேண்டாத மணிச்சத்துக்கும் சேர்த்து விலை கொடுக்க நேரிடும்.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. மரத்துக்கு மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் இரண்டு இருந்தால், 1,000 மரத்துக்கு ஒரு மணி நேரத்தில் 8,000 லிட்டர் பாய்கிறது. 10 கிலோ யூரியாவை அந்த ஒரு மணி நேரத்தில் செலுத்தினால் லிட்டருக்கு ஒன்றேகால் கிராம் வரும். இது பயிருக்கு ஏற்ற அளவு. பொட்டாஷை வாரம் இரு முறை, 9 கிலோ வீதம், வேறு நாட்களில் விட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டால் கரைசல் கடுமையாகி வேர் கருகும். சொட்டுவானின் கீழ் ஒரு பாத்திரத்தை வைத்துக் கால் மணி நேரத்தில் ஒரு லிட்டர் சேருகிறதா என்று பார்த்துக் கொள்ள வேண்டும்.

வெஞ்சுரி மணிக்கு எத்தனை லிட்டர் உறிஞ்சுகிறது என்பதையும் வாளியையும் கடிகாரத்தையும் வைத்து அளக்கலாம். 60 லிட்டர் என்றால், உரத்தைக் கரைத்து 60 லிட்டராக்கி வைத்தால் சரியாக ஒரு மணி நேரம் வரும். பொட்டாஷ் ஒரு கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். சிவப்புப் பொட்டாஷில் கரையாத கசடு உண்டு; வெள்ளைப் பொட்டாஷே ஏற்றது. கரைசலை வடிகட்டியே விட வேண்டும். உப்புத் தண்ணீர் உள்ள இடங்களில் சல்பேட் ஆப் பொட்டாஷ் நல்லது. கால்சியம் நைட்ரேட்டை பாஸ்பேட், சல்பேட் உரங்களுடன் ஒரே தொட்டியில் கலக்கக் கூடாது. சுண்ணாம்பு போல் படியும்.

முதல் அரை மணி நேரம் வெறும் தண்ணீர், பிறகு ஒரு மணி நேரம் உர நீர், கடைசி அரை மணி நேரம் மீண்டும் வெறும் தண்ணீர் விட வேண்டும். இதனால் குழாய் சுத்தமாகும். அதற்கு மேலும் மோட்டாரை ஓட விட்டால் தழைச்சத்து வேருக்குக் கீழே இறங்கிவிடும்.

45 கிலோ யூரியா மூட்டையில் உள்ள தழைச்சத்து 20.7 கிலோ மட்டுமே. அதில் வீணாகும் ஒவ்வொரு கிலோவும் சிறு விவசாயியின் கைக்காசு. மர எண்ணிக்கை, வார அளவு, விட்ட தேதி ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து, மோட்டார் அறையில் தொங்க விட வேண்டும். ஒரு தராசும் ஒரு நோட்டும் இல்லாத சொட்டு நீர்ப் பாசனம் பாதி வேலைதான்.