உருதுப் பள்ளியைக் கொல்வது யார்?

ஆரணியில் ஒரு உருதுத் தொடக்கப் பள்ளி. பெயர் வேண்டாம், பெயரைச் சொன்னால் அந்த ஆசிரியைக்குத்தான் தொல்லை. காலை பத்து மணிக்கு உள்ளே போனேன். ஒரே அறையில் ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்புகளும். ஒரு மூலையில் சின்னஞ்சிறுசுகள் 'அலிஃப், பே' எழுதுகின்றன. கரும்பலகையில் ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கு பாதியில் நிற்கிறது. ஒரு சிறுமி தமிழ் நோட்டை உருது நோட்டைப் போல வலப்பக்கத்திலிருந்து திறந்து வைத்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று விழிக்கிறாள். சொல்லித்தர ஆள் இல்லை. இருக்கிற ஒரே ஆசிரியை சத்துணவுக்குத் தலை எண்ணிக்கொண்டிருந்தார்.

சகோதரர்களே! இதற்குப் பெயர் பள்ளிக்கூடமா?

இது யாரும் போடும் பிச்சை அல்ல. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஒவ்வொரு மாநிலமும் வசதி செய்ய முயல வேண்டும் என்கிறது, 1956-ல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு. 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்கிறது 2009-ன் கல்வி உரிமைச் சட்டம். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்பதே அரைவயிற்றுச் சோறு. அதில் ஒருவர் ஓய்வு பெற்றால்? இனச்சுழற்சியில் அந்த இடம் உருது படித்தவரே கிடைக்காத பிரிவுக்குப் போனால், நாற்காலி காலியாகக் கிடக்கும். இடஒதுக்கீட்டை நாம் குறை சொல்லவில்லை. 2007-ல் 3.5 சதவீதம் பெற்ற சமுதாயம் அப்படிச் சொல்லவும் கூடாது. ஆள் கிடைக்காத இடத்துக்கு உடனே மாற்று ஏற்பாடு செய், பிள்ளையின் ஒரு வருடத்தைத் தின்னாதே என்றுதான் கேட்கிறோம்.

தமிழ் கட்டாயம் என்று 2006-ல் சட்டம் வந்தது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, 2016-ல் பத்தாம் வகுப்புத் தேர்வை எட்டியது. தமிழ் கற்பதை எந்த முஸ்லிம் எதிர்த்தான்? நாம் பிறந்த மண்ணின் மொழி அது. யூதர்களின் எழுத்தைக் கற்றுவர ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை ஏவிய நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம்! ஆனால் தமிழ் வாத்தியாரை அனுப்பாமல் தமிழ்ப் பரீட்சையை மட்டும் அனுப்புவது என்ன நியாயம்? இதற்காக மொழிச் சிறுபான்மை மாணவர்கள் உயர் நீதிமன்றத்தில் விலக்குக் கேட்டு நிற்க வேண்டி வந்தது. 2023-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் வாங்கியதும் ஒரு வருட விலக்குதான். விலக்கு வாங்கினால் பிள்ளைக்குத் தமிழ் வந்துவிடுமா? மதிப்பெண் பட்டியல் தப்பிக்கும். கடைத்தெருவில் பில் எழுதத் தெரியாமல் நிற்பான்.

அரசை இவ்வளவு திட்டிவிட்டு நிறுத்தினால் நமக்குச் சுகமாக இருக்கும். நிறுத்தப் போவதில்லை.

முஷாயிரா மேடையில் 'வாஹ் வாஹ்' என்று தொடை தட்டும் கனவான்களே! உருது எங்கள் உயிர் என்று முழங்கும் தலைவர்களே! உங்கள் பேரப்பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள்? ஆங்கிலப் பள்ளியின் வேன் உங்கள் வாசலில்தானே வந்து நிற்கிறது! அந்த ஒற்றை அறை யாருக்கு மிச்சம்? பிரியாணிக் கடையில் தட்டுக் கழுவுகிறவரின் பிள்ளைக்கும், மெக்கானிக் ஷெட் கூலியின் பிள்ளைக்கும், விதவைத் தாயின் பிள்ளைக்கும். வாங்கும் சேலையின் ஜரிகையை உரசிப் பார்க்கிற ஊர் இது. மஹல்லாவின் பள்ளியில் ஆசிரியர் உண்டா என்று எட்டிப் பார்க்க மட்டும் யாருக்கும் நேரமில்லை.

"ஆரணியில் சௌராஷ்டிரர் இல்லையா? பள்ளி இல்லாமலே வீட்டில் மொழியைக் காப்பாற்றவில்லையா?" என்றார் ஒரு வியாபாரி. பேச்சைக் காப்பாற்றினார்கள், உண்மை. அவர்களின் சொந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று அவர்களையே கேளுங்கள். நம் நிலைமை அதைவிடச் சிக்கல். 'நக்கோ', 'ஹவ்' என்று வீட்டில் தக்கனி பேசும் பிள்ளைக்குப் பாடப்புத்தக உருதே பாதி அந்நியம். கை பிடித்து நடத்த ஆசிரியர் இல்லாவிட்டால் உருதும் வராது, தமிழும் வராது, கணக்கும் வராது. ஐந்தாம் வகுப்போடு ஷெட்டுக்குப் போய்விடுவான்.

தமிழ் பேசும் சகோதரர்கள் சிலர் 'அது உருதுக்காரர் பாடு' என்று கைகழுவுகிறார்கள். தென்மாவட்டத்திலிருந்து வேலூர் பாக்கியாத்துக்குப் போன தமிழ் மாணவர்கள் உருது கற்றுத்தானே கிதாபு ஓதினார்கள்? அந்த ஆலிம்களின் பின்னால் தொழுத ஊர்கள் இன்று இப்படிப் பேசலாமா? மொழிகள் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் சொல்கிறான் (30:22). நாமோ அதை வைத்து 'லப்பை', 'பட்டாணி' என்று ஒருவரையொருவர் கிண்டலடிக்கிறோம்.

இளைஞர்களே, ஊர்வலம் அப்புறம் போகலாம். கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். உங்கள் மஹல்லாப் பள்ளியின் குழுவில் யார் யார் என்று தெரியுமா? வரும் ஜும்ஆவுக்குள் தெரிந்துகொள்ளுங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், எந்த இடம் எந்தத் தேதியிலிருந்து காலி என்று ஒரு தாளில் எழுதி, குழுவிலுள்ள தாய்மார்களின் கையெழுத்தோடு வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீதின் நகல் ஒன்று நம் அலுவலகத்துக்கு வரட்டும்.