ஐந்தாம் வகுப்பு வரை மத வகுப்பு வேண்டாம்

பள்ளிக்கூடத்தில் மதக் கல்வி வேண்டும் என்ற கோரிக்கை நம் ஊர்களில் அடிக்கடி எழுகிறது. பிள்ளைகள் கைப்பேசியே கதியென்று கிடக்கிறார்கள், பெரியவர்களை மதிப்பதில்லை, சாமி பயம் இருந்தால்தான் திருந்துவார்கள் என்று மனம் வெதும்பிச் சொல்கிறார்கள் பெற்றோர். அந்தக் கவலையில் பொய் இல்லை. ஆனாலும் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை மத போதனைக்குப் பள்ளி நேரத்தில் இடம் தரக் கூடாது என்பதே நம் உறுதியான கருத்து.

அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது என்கிறது. அரசு உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியாக இருந்தால், பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தச் சிறுவரையும் மத வகுப்பிலோ வழிபாட்டிலோ உட்கார வைக்க முடியாது. சம்மதம் தருவது பெற்றோர். வகுப்பில் உட்காருவதோ குழந்தை. இரண்டும் இரண்டும் நான்கு என்று சொல்லும் அதே டீச்சர், இதுதான் உண்மையான சாமி என்றும் சொன்னால், ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டுமே கணக்குதான். 2024 ஆகஸ்டில் சென்னையில் அரசுப் பள்ளி ஒன்றில் பேச வந்த ஆன்மிகப் பேச்சாளர், உடற்குறையோடு பிறப்பதை முற்பிறவிப் பாவத்தோடு முடிச்சுப் போட்டுப் பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அந்த இடத்திலேயே எழுந்து எதிர்த்தார். அங்கே இருந்தவர்கள் வளர்ந்த மாணவர்கள். இதே பேச்சு இரண்டாம் வகுப்பில் நடந்து, அங்கே கால் ஊனமுற்ற குழந்தை ஒன்று இருந்திருந்தால், அது தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கும்?

மதக் கல்வி நல்லிணக்கத்தை வளர்க்கும் என்பார்கள். இலங்கை அரசுப் பள்ளிகளில் முதலாம் தரத்திலிருந்தே சமயம் கட்டாயப் பாடம். பௌத்தம், சைவநெறி, இஸ்லாம், கிறிஸ்தவம் என்று அவரவர் பாடத்துக்குப் பிள்ளைகள் பிரிந்து போகிறார்கள். அங்கே மூண்ட போருக்கு அந்தப் பாடத்தைக் காரணம் காட்டுவது அநியாயம். ஆனால் அந்தப் பாடம் இருந்ததால் ஒற்றுமை வளர்ந்தது என்றும் யாரும் சொல்ல முடியாது. சிங்கப்பூர் 1984இல் மேல் உயர்நிலை வகுப்புகளில் சமய அறிவைக் கட்டாயமாக்கியது. மதங்களுக்கிடையே போட்டி கூர்மையாகிறது என்ற அச்சம் எழவே, 1989இல் அந்தக் கட்டாயத்தைக் கைவிட முடிவெடுத்தது. ராம பக்தரான காந்தியே தம் வார்தா கல்வித் திட்டத்தில் மத போதனையைச் சேர்க்கவில்லை. அன்றைய நிலையில் அது பிளவையே வளர்க்கும் என்று அஞ்சினார். பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைக்கும் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழும் பிள்ளைகளை, மணி அடித்ததும் நீ இந்த அறை, நீ அந்த அறை என்று எதற்காகப் பிரிக்க வேண்டும்?

மதம் இல்லாமல் ஒழுக்கம் எப்படி வரும் என்று கேட்பவர்களுக்கு ஆத்திசூடியும் குறளும் இருக்கின்றன. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை முழுமையாகக் கற்பிக்கச் சொல்லி 2016இல் உத்தரவிட்டது நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான். பக்தி அழிந்துவிடும் என்ற பயமும் தேவையற்றது. அழகர் ஆற்றில் இறங்குவதைக் காணக் கூடும் இலட்சோபலட்சம் பேரும் பாடநூல் படித்துவிட்டா வருகிறார்கள்? வீடு இருக்கிறது, தேவார வகுப்பும் மதரசாவும் ஞாயிறு பள்ளியும் இருக்கின்றன. அங்கே நம்பிக்கையைக் கற்றுக்கொடுப்பது அவரவர் உரிமை. சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமையிலும் நாம் கை வைக்கச் சொல்லவில்லை. தம் மதத்துப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நீதிபோதனை என்று ஒரே பீரியடில் பிரிக்கும் வழக்கத்தைத் தொடக்க வகுப்புகளிலாவது விட்டுவிட்டு, மறைக்கல்வியைப் பள்ளி விட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு: அடுத்தவர் மதத்தை அறியாத பிள்ளைதான் நாளை வெறுப்புப் பேச்சுக்கு இரையாகும். இதை முழு மனதோடு ஏற்கிறோம். மத போதனை வேறு, மதங்களைப் பற்றி அறிவது வேறு என்று 1964-66 கோத்தாரி ஆணையமே பிரித்துச் சொன்னது. 2002இல் உச்ச நீதிமன்றமும் அந்த வேறுபாட்டை ஏற்றது. அதையும் வயதறிந்து செய்ய வேண்டும். திருப்பரங்குன்றம் மலையில் முருகன் கோயில் இருக்கிறது, சிக்கந்தர் தர்கா இருக்கிறது, சமணர் படுக்கைகளும் இருக்கின்றன. எட்டு வயதுப் பிள்ளை அவற்றைப் பார்க்கட்டும். யார் வந்து கும்பிடுகிறார்கள், என்ன பண்டிகை, என்ன பலகாரம் என்று தெரிந்துகொள்ளட்டும். அந்த மலையைச் சுற்றிய வழக்குகள் அதற்கு வேண்டாம். மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகப் பெரியபுராணம் சொல்வதும் அப்படித்தான். அது நடந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் ஐயுறுகிறார்கள். அந்த ஐயத்தையும் சேர்த்துப் புரிந்துகொள்ள ஒன்பதாம் வகுப்பாவது வர வேண்டும். மணிமேகலையும் தேம்பாவணியும் இரட்சணிய யாத்திரிகமும் நம் மேல் வகுப்புத் தமிழ்ப் பாடநூல்களில் ஏற்கெனவே இடம்பெற்றிருக்கின்றன. மதங்களைப் பற்றிய நல்ல கல்விக்கு அதைவிடச் சிறந்த வாசல் வேண்டியதில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் பெற்றோரிடம் நாம் கேட்பது இதுதான். எந்த மதத்தின் பெயரால் யார் வந்தாலும், அது உங்கள் மதமாகவே இருந்தாலும், தொடக்க வகுப்புக்குள் பிரசங்கம் செய்ய விடாதீர்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து கதைப் புத்தகம் படிக்க ஏற்பாடு செய்யுங்கள்.